திரைவாக்கும் தெய்வவாக்கும்

ஒருவன் தன் வாயால் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பது அத்தனை கடினமன்று. அவன் முகத்தைப் பார்க்கலாம். எதிர்க் கேள்வி கேட்கலாம். அண்டை அயலாரை விசாரிக்கலாம். ஆனால், அச்சில் வந்த பொய்யையும் அதிகாரத்தின் முத்திரையோடு வந்த பொய்யையும் எதிர்த்துக் கேட்க மனிதனுக்கு இலேசில் துணிவு வருவதில்லை. இவ்விரண்டு பெருமைகளையும் ஒருங்கே பெற்றுக்கொண்டு, முகம் என்ற ஒன்றே இல்லாமல், நடு வீட்டிலும் அலுவலக மேசையிலும் தோன்றிப் பேசுகின்ற ஒரு வாக்கு நமது காலத்தில் ஏற்பட்டிருக்கின்றது. கணிப்பொறியையும் கைப்பேசியையும் இயக்குகின்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்கும் பொருட்டு, அவற்றின் திரையில் அவ்வப்போது தோன்றும் அறிவிப்புகளையே நாம் குறிப்பிடுகின்றோம்.

இவ்வாக்கைத் தெய்வவாக்கோடு நாம் ஒப்பிடுவது வெறும் வேடிக்கைக்காக அன்று. நாம் குடியிருக்கும் பத்துமலையைப் பற்றி வாசகர்களுக்கு அதிகம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதன் 272 படிகளும், 2006-ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட 140 அடி உயரச் சிலையும், தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கில் கூடும் ஜனத்திரளும் உலகறிந்தவை. அக்கூட்டத்தின் நடுவே ஒருவர் அருள் வந்து ஆடினால், அவரைச் சூழ்ந்து நின்று வாக்குக் கேட்போரை நாம் ஆண்டுதோறும் பார்த்து வருகின்றோம். அவ்வாக்கிற்குச் சில இலக்கணங்கள் உண்டு. ஒன்று, அது தெளிவாக இராது. எது நடந்தாலும் பொருந்தும்படி இருக்கும். இரண்டு, அதில் ஓர் அச்சுறுத்தல் இருக்கும். செய்யாவிட்டால் கேடு வரும் என்று சொல்லும். மூன்று, ‘மாட்டேன்’ என்று சொல்ல அதில் இடமிராது. இவ்வாண்டு செய்கிறாயா, அடுத்த ஆண்டு செய்கிறாயா என்பதே கேள்வியாக இருக்கும். புதுப்பிப்பு அறிவிப்புகளை ஊன்றிப் படிப்பவர்கள் இம்மூன்று இலக்கணங்களையும் அவற்றில் காணத் தவற மாட்டார்கள். ஒரேயொரு வேற்றுமை உண்டு. சாமியாடியின் வாக்கிற்குப் பின்னால் யாதொரு காரியமும் இல்லை. திரைவாக்கிற்குப் பின்னாலோ மெய்யான காரியம் ஒன்று இருக்கின்றது. அதனால்தான் திரையில் வரும் பொய் அதிகக் கேடு விளைவிப்பதாகின்றது.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகின்றோம். காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பதும், செக்ரோல் எழுதுவதும், மாதச் சம்பளம் போடுவதும் முன்னாளில் பேரேட்டிலும் பேனாவிலும் நடந்தன. இன்று கணிப்பொறியில் நடக்கின்றன. முன்னாளில் கிராணிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஆங்கிலத்தில் வரும் காகிதங்களைத் தொழிலாளிகளுக்குப் படித்துப் பொருள் சொல்வதே அது. அவ்வேலை காகிதத்தை விட்டுக் கைப்பேசிக்கு மாறியிருக்கின்றதே அன்றி ஒழிந்து போகவில்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்தவர் என்ற ஒரே காரணத்திற்காக அக்கம்பக்கத்தார் தங்கள் கைப்பேசிகளை நம்மிடம் கொண்டுவந்து நீட்டுகின்றார்கள். பால்மரக் காட்டில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் அப்படி ஒருநாள் வந்தார்.

“தம்பி, இது ரெண்டு மாசமா தெனமும் வருது. இப்பவா, ராத்திரியான்னுதான் கேக்குதாம். பேரன் படிச்சுச் சொன்னான். வேணாம்னு சொல்ல எடம் எங்கே இருக்குன்னு பாத்துச் சொல்லுப்பா,” என்றார்.

நாம் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தோம். அவர் கேட்ட இடம் அதில் இல்லை. “அந்த எடமே வைக்கல பாட்டி,” என்றோம்.

“அப்ப எதுக்குத் தம்பி கேக்குது?” என்றார் அவர்.

ஆங்கிலம் தெரியாமையால் எழுந்த கேள்வி அன்று இது. ஆங்கிலம் நன்கு அறிந்தவர்களும் விடை சொல்ல முடியாத கேள்வி. சம்மதம் கேட்பது போலத் தோன்ற வேண்டும், ஆனால் மறுப்பு வரக்கூடாது என்ற எண்ணத்தோடு எழுதப்படும் வாசகம் எந்த மொழியில் இருந்தாலும் அது நேர்மையான வாசகம் ஆகாது.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015 ஜூலை 29-இல் ‘விண்டோஸ் 10’ என்னும் இயங்குதளத்தை வெளியிட்டு, விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றை வைத்திருப்போர் ஓராண்டுக் காலத்திற்குள் இலவசமாக அதற்கு மாறிக்கொள்ளலாம் என்று அறிவித்தது. இலவசமாகக் கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்த அழைப்பு, பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதற்கென்று இருந்த புதுப்பிப்புக் கருவியின் வழியாகவே ஒவ்வொருவர் கணிப்பொறிக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. 2016 பிப்ரவரியில் அது ‘பரிந்துரைக்கப்பட்ட’ புதுப்பிப்பு என்ற பதவிக்கு உயர்த்தப்பட்டது. பின்னர், இன்ன நாளில் இன்ன நேரத்தில் மாற்றம் நடைபெறும் என்று நாளும் குறித்துக்கொண்டு ஒரு சாளரம் தோன்றலாயிற்று. சாளரத்தின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் சாளரம் மூடும், கேட்டது மறுக்கப்பட்டதாகும் என்பதே 1995 முதல் அந்நிறுவனம் பொதுஜனங்களுக்குக் கற்பித்து வந்த பாடம். இந்தச் சாளரத்திலோ, பெருக்கல் குறியை அழுத்தினால் குறித்த நாளுக்கு உடன்பட்டதாகவே கொள்ளப்பட்டது. கதவைச் சாத்தியவன் விருந்துக்கு வரச் சம்மதித்தான் என்று சொல்வதைப் போன்றதே இது!

இதன் பலனாக, வேலை நடுவே தம் கணிப்பொறி தானாகவே மாற்றத்தைத் தொடங்கிவிட்டது என்று உலகெங்கும் பலர் முறையிட்டனர். கலிபோர்னியாவில் சிறு பயண நிலையம் நடத்திய ஒரு பெண்மணி, தாம் கேளாமலே தொடங்கிய மாற்றம் தோல்வியுற்றுத் தமது அலுவலகக் கணிப்பொறி பல நாட்கள் பயனற்றுப் போயிற்று என்று வழக்கிட்டு, 10,000 டாலருக்குத் தீர்ப்புப் பெற்றார். நிறுவனம் தன் மீது குற்றமில்லை என்று கூறிக்கொண்டே 2016-இல் மேல்முறையீட்டைக் கைவிட்டது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் பெருக்கல் குறிக்கு அதன் பழைய பொருள் திரும்பக் கிடைத்தது. மறுப்பதற்கென்று தனி வழியும் வைக்கப்பட்டது. டிசம்பரில் அந்நிறுவனத்தின் விளம்பரத் துறைத் தலைவரே, தாங்கள் எல்லை மீறிப் போய்விட்டதாக ஒப்புக்கொண்டார். ஜனங்கள் கேட்ட பிறகே வழி பிறந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

நிற்க. வேண்டுமென்றே செய்வது ஒரு வகையென்றால், அசிரத்தையால் நேர்வது இன்னொரு வகை. இவ்விரண்டாம் வகை இன்னும் பெருகிக் கிடக்கின்றது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. கணிப்பொறி பழுதுற்றால் மீட்பதற்கென்று வட்டில் ஒதுக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு பகுதியை அது திருத்த வேண்டும். அதற்கு அப்பகுதியில் 250 மெகாபைட் வெற்றிடம் வேண்டும். பல கணிப்பொறிகளில் அவ்வளவு இடம் இல்லை. ஆகவே திருத்தம் நிறைவேறவில்லை. ‘இடம் போதவில்லை’ என்று இரண்டு சொற்களில் முடிந்திருக்க வேண்டிய செய்திக்குப் பதிலாக, 80070643 என்று முடியும் ஓர் எண்ணும், நிறுவுதல் தோல்வி என்ற பொதுப்படையான வாசகமுமே திரையில் வந்தன. தவறான எண் காட்டப்படுகின்றது என்பதை நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. இதற்கிடையில் எத்தனை பேர் அதே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்களோ, யார் கண்டார்!

2025 ஏப்ரலில் இதே எண் மீண்டும் தோன்றியது. இம்முறை கதை தலைகீழானது. திருத்தம் தோற்றுவிட்டது என்று திரை சொல்லிற்று. கணிப்பொறியை மறுபடி இயக்கிய பின் அது பெரும்பாலும் வெற்றியாகவே முடிந்திருந்தது. அச்செய்தி சரியானதன்று, அதனால் கணிப்பொறிக்கு யாதொரு பாதகமும் இல்லை என்று நிறுவனம் விளக்கம் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுற்றது. மேலும் சில காலம் திருத்தங்கள் பெறுவதற்கு முறைப்படி பதிவு செய்துகொண்டவர்களின் கணிப்பொறிகளிலும், 2027 வரை ஆதரவு உள்ள ஒரு தனிப் பதிப்பிலும்கூட, ‘ஆதரவு முடிந்துவிட்டது’ என்ற அறிவிப்பு அப்போது தோன்றலாயிற்று. அவ்வறிவிப்பும் பிழையானது என்று நிறுவனமே பின்னர் சொல்லிற்று. இன்னும், ‘புதுப்பித்து நிறுத்துக’ என்ற கட்டளையைக் கொடுத்தால் சில கணிப்பொறிகள் நிற்பதற்குப் பதிலாக மறுபடி எழுந்து ஓடிக்கொண்டிருந்த குறை பல ஆண்டுகள் நீடித்து, 2025 அக்டோபர் இறுதியில் வந்த திருத்தத்தில்தான் சரிசெய்யப்பட்டது. ‘நிறுத்துக’ என்று எழுதியிருந்த பொத்தான் அத்தனை காலமும் நிறுத்துவதற்கு உத்தரவாதமற்ற பொத்தானாகவே இருந்து வந்திருக்கின்றது.

‘இவையெல்லாம் பிழைகளே, பொய்கள் அல்லவே’ என்று சிலர் கூறக்கூடும். பலகோடிக் கணிப்பொறிகளில், எண்ணற்ற வகைச் சாதனங்களோடு ஓட வேண்டிய மென்பொருளில் பிழை நேர்வது இயற்கை என்பதை நாமும் ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும், பிழை எங்கே நேர்கின்றது, திருத்தம் எங்கே சொல்லப்படுகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பிழையான செய்தி ஒவ்வொருவர் திரையிலும் தோன்றுகின்றது. ‘அது பிழை, பொருட்படுத்த வேண்டாம்’ என்ற செய்தியோ, நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், ஆங்கிலத்தில், தேடித் தெரிந்துகொள்ளும் தொழில் அறிஞருக்காக எழுதப்பட்டிருக்கின்றது. அவதூறு சந்தையில், மன்னிப்பு கொல்லையில் என்பதே இங்குள்ள முறையாக இருக்கின்றது. அச்சமூட்டும் செய்தியைத் திரைக்குக் கொண்டுவர முடிந்தவர்களுக்கு, அதை நீக்கும் செய்தியையும் அதே திரைக்குக் கொண்டுவருவது முடியாத காரியமா?

சொல்லித் தவறாகச் சொல்வது மட்டுமன்று, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் ஏமாற்றே ஆகும். ஆப்பிள் நிறுவனம் 2017 ஜனவரியில் வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, மின்கலம் தேய்ந்த பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாதிருக்கும் பொருட்டு அவற்றின் வேகத்தைக் குறைத்தது. காரணம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் வேகம் குறையும் என்று உடையவனுக்குச் சொல்லப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில்தான் நிறுவனம் உண்மையை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது. புதிய மின்கலம் வாங்கினால் போதும் என்பதை அறியாமல் புதிய கைப்பேசியே வாங்கியவர்களின் நட்டத்திற்கு யார் பொறுப்பு? இத்தாலி நாட்டுப் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் புதுப்பிப்புகள் சம்பந்தமாக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும், சாம்சுங்கிற்கு 50 இலட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. புதிய கைப்பேசிக்கென்று அமைந்த இயங்குதளத்தைப் பழைய கைப்பேசிக்காரர்கள் மீது விடாப்பிடியாகச் சுமத்தினார்கள் என்பது சாம்சுங்கின் மீதான குற்றச்சாட்டு. பிரான்சு நாட்டில் 2020 பிப்ரவரியில் ஆப்பிள் இரண்டரைக் கோடி யூரோ கட்ட நேர்ந்தது. அங்கே குற்றமாகக் கொள்ளப்பட்டது வேகத்தைக் குறைத்தது அன்று. குறையும் என்பதை முன்கூட்டிச் சொல்லாததே.

இவ்வளவும் படித்த வாசகர், ‘அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே’ என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பரவுவதே நமது பெருங்கவலை. நமது பக்கத்தில் பலர் இம்முடிவிற்கு ஏற்கெனவே வந்துவிட்டனர். ‘அது எப்பவும் அப்படித்தான் கத்தும், மூடிட்டு வேலையைப் பாரு’ என்ற பேச்சை நாம் கடைகளிலும் அலுவலகங்களிலும் கேட்டு வருகின்றோம். இதன் விலை என்ன என்பதை 2017-ஆம் ஆண்டு காட்டிற்று. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14-இல் வெளியிட்டிருந்தது. மே 12-இல் ‘வான்னாகிரை’ என்னும் நாசநிரல் அதே ஓட்டையின் வழியாக உலகெங்கும் பரவிற்று. இரு மாத அவகாசம் இருந்தும் திருத்தத்தைப் போடாத கணிப்பொறிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தில் 236 பொது மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை நாட்கள் தள்ளிப்போயின. திரை மெய்யாகவே எச்சரிக்கும் நாளில் அதைக் கேட்க ஆளில்லாமற் போவதுதான் பொய்யறிவிப்புகளின் இறுதிப் பலன். ‘புலி வருது, புலி வருது’ என்று விளையாட்டாகக் கூவிய சிறுவனின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். இங்கே கூவியவனுக்கு அன்று, கூவலைக் கேட்டுச் சலித்த ஊராருக்கே கேடு வருகின்றது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. அதே 2017 ஜூன் 27-இல் உக்ரைன் நாட்டில், கணக்கு எழுதவும் வரிக் கணக்கு ஒப்புவிக்கவும் பலரும் பயன்படுத்திய ‘மெடாக்’ என்னும் மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகவே ‘நாட்பெட்யா’ என்ற நாசநிரல் உள்ளே நுழைந்தது. கணிப்பொறி தானே மறுபடி எழுந்தது. வட்டில் உள்ள பிழைகள் சரிசெய்யப்படுகின்றன, கணிப்பொறியை அணைத்துவிடாதீர் என்று திரையில் வாசகம் ஓடிற்று. அவ்வாசகம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வட்டிலுள்ள கோப்புகளின் அட்டவணையை அந்நிரல் பூட்டிக்கொண்டிருந்தது. அச்சமயத்தில் மின்சாரத்தைத் துண்டித்தவனுக்குத் தப்ப வழியிருந்தது. வாசகத்திற்குக் கீழ்ப்படிந்து காத்திருந்தவனுக்கு வழியில்லை. மேர்ஸ்க் என்னும் கப்பல் நிறுவனம் மட்டும் 20 முதல் 30 கோடி டாலர் வரை நட்டம் ஏற்பட்டதாகக் கணக்கிட்டது. ‘அணைக்காதீர்’ என்று மெய்யான கருவியும் சொல்கின்றது, திருடனும் சொல்கின்றான். ஏன், எவ்வளவு நேரம், எந்த வேலை நடக்கின்றது என்று மெய்யான கருவி விவரம் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தியிருக்குமானால், திருடனுக்கு அந்த வேடம் இவ்வளவு எளிதில் பொருந்தியிராது. மெய் மங்கலாகப் பேசினால், பொய் அதைப் போலப் பேசப் பழகுவதற்கு நெடுநாள் பிடிப்பதில்லை. போலிச் செயலிகளை நிறுவச் செய்து வங்கிப் பணத்தைக் களவாடும் மோசடியைப் பற்றி நமது மலேசியாவில் காவல்துறையினரும் வங்கிகளும் ஓயாமல் எச்சரித்து வருவதற்கும் காரணம் இதுவே. காரணம் கேட்காமல் ‘சரி’ என்பதைத் தட்டுவதற்கு ஜனங்களின் விரல் பழக்கப்படுத்தப்பட்டிருக்கின்றது.

விரலைப் பற்றிச் சொல்லும்போது நமது முன்னோரின் நினைவு வருகின்றது. ஒப்பந்தக் கூலி முறையில் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள், தாங்கள் படிக்க இயலாத காகிதத்தில் கட்டைவிரலைப் பதித்தார்கள். அதில் எத்தனை ஆண்டு, எவ்வளவு கூலி, எதற்கெல்லாம் பிடித்தம் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆயினும், ‘இவன் சம்மதித்திருக்கின்றான்’ என்று அக்காகிதம் சாட்சி சொல்லிற்று. அம்முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அந்தத் துன்பத்தையும் இந்தத் தொல்லையையும் நாம் சமமாக வைக்கவில்லை. அப்படி வைப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதையாகும். ஆனால், பொருள் அறியாதவனிடம் பெற்ற ஒப்புதல் ஒப்புதல் ஆகாது என்ற நியாயம் இரண்டிற்கும் ஒன்றே. இன்றும் நாம் கட்டைவிரலையே கண்ணாடியில் பதிக்கின்றோம்.

ஆகவே, நாம் கேட்பது பெரிய சலுகை எதுவும் அன்று. பொத்தானில் எழுதியிருப்பதைப் பொத்தான் செய்ய வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வேறு, புதிய அலங்காரமும் வியாபார அழைப்பும் வேறு என்று பிரித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்பவனுக்கு அதைச் சொல்ல இடம் வேண்டும். அதனால் வரும் அபாயம் இன்னது என்பதையும் அவ்விடத்திலேயே மறைக்காமல் சொல்ல வேண்டும். தோல்வியுற்றால் எது தோற்றது, கோப்புகள் பத்திரமாக உள்ளனவா, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்ற மூன்றும் எண்களில் அன்றிச் சொற்களில் வர வேண்டும். தவறாகச் சொன்னதைச் சொன்ன திரையிலேயே திருத்த வேண்டும். இவை யாவும் அவரவர் தாய்மொழியில் விளங்கும்படி இருக்க வேண்டும். தமிழில் இடைமுகம் இருக்கின்றது என்பது மெய்யே. ஆனால் விளங்காத ஆங்கிலத்தை விளங்காத தமிழாக மாற்றி வைப்பதால் யாருக்கும் யாதொரு பயனும் இல்லை. இத்தாலியும் பிரான்சும் தம் குடிகளின் பொருட்டு இதைக் கேட்டிருக்கின்றன. நமது நுகர்வோர் சங்கங்களும் அரசாங்கமும் கேட்பதற்கு என்ன தடை?

அதுவரையில் வாசகர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. புதுப்பிப்பை நிறுத்திவிடாதீர்கள்; ஆனால் தானே வந்து தோன்றும் சாளரத்தைத் தட்டிப் புதுப்பிக்காதீர்கள். சாதனத்தின் அமைப்புப் பகுதிக்கு நீங்களே சென்று, அங்கே மெய்யாகவே புதுப்பிப்பு காத்திருக்கின்றதா என்று பாருங்கள். குறுஞ்செய்தியிலும் இணையப் பக்கத்திலும் வரும் ‘உடனே புதுப்பிக்கவும்’ என்ற கூச்சலைப் புறக்கணியுங்கள். சம்பளக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ், குடும்பப் படங்கள் ஆகியவற்றுக்கு வேறிடத்தில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். தோல்வி என்று திரை சொன்னாலும், வெற்றி என்று சொன்னாலும், கணிப்பொறியை மறுபடி இயக்கி, புதுப்பிப்பு வரலாற்றைத் திறந்து, நடந்தது இன்னது என்று கண்ணால் கண்டபின் நம்புங்கள். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், அவன் ‘சரியைத் தட்டு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக இடங்கொடாமல், வாசகத்தை முழுதும் படித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். அவனுக்கும் பொருள் விளங்கவில்லையென்றால், குறை உங்களிடமோ அவனிடமோ இல்லை என்று தெளியுங்கள்.

கோயில் வாசலில் கேட்ட வாக்கானாலும், நிபுணர்கள் செய்து அனுப்பிய கருவியின் வாக்கானாலும், ‘ஏன்?’ என்ற கேள்விக்கு உட்படாத வாக்கு எதுவும் இல்லை என்பதே நாம் நெடுநாளாகச் சொல்லி வரும் கொள்கை. விஞ்ஞானத்தின் பெயரால் வந்துவிட்டது என்பதற்காக ஒரு மூடப் பழக்கம் பகுத்தறிவாகிவிடாது. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் மீது உடையவனுக்கு உள்ள உரிமையை, அவனுக்கு விளங்கும் சொற்களால் ஒப்புக்கொள்ளும்படி செய்வதும் சுயமரியாதைக் காரியமே ஆகும். அந்தக் காரியத்தை, அடுத்த முறை திரையில் வாக்குத் தோன்றும்போது, ‘இது என்ன சொல்கின்றது, உண்மையில் என்ன செய்யப் போகின்றது?’ என்று கேட்பதிலிருந்து ஒவ்வொருவரும் தொடங்கலாம்.